பாட்டுப் பெட்டி கரையேறிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, குடும்பத்தோடு சென்னைக்கே திரும்பிவிட்டார். இரண்டு மாதம் முன்பு போன் செய்தார். "சார், மத்த சாமானையெல்லாம் அங்கேயே குடுத்துட்டோம். பொண்ணோட பியானோவை மட்டும் விட மனசு வரலை. கப்பல்ல போட்டுட்டோம்" என்றார். போன மாதம் மறுபடி போன். குரலில் சுரத்தே இல்லை. "சார், லண்டன்லேர்ந்து சென்னை வரைக்கும் கப்பல் கூலி ஒரு பங்குன்னா, துறைமுகத்துலேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்கு ஒன்றரைப் பங்கு கேக்கறாங்க. ஏழு கடல் தாண்டி வந்துடுச்சு, ஏழு கிலோமீட்டர் தாண்ட மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இது நேத்து ஆரம்பிச்ச கதை இல்லப்பா. முன்னூறு வருஷக் கணக்கு" என்றேன். "சார், இப்ப கிளாஸ் எடுக்காதீங்க, ஏஜென்ட் லைன்ல இருக்கார்" என்று வைத்துவிட்டார். அவர் கேட்காத அந்த வகுப்பைத்தான் இங்கே எடுக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ராயபுரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. என் தாத்தாவின் அப்பா, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குப் படகு வலித்தவர். அதனால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு.

1639-ல் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் இடம் வாங்கியபோது அவர் பார்த்தது துணி வணிகத்தை. துறைமுகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க இங்கே துறைமுகமே கிடையாது. பம்பாய்க்கு இயற்கையிலேயே ஒரு குடா இருக்கிறது. கல்கத்தாவுக்கு ஆறு இருக்கிறது. சென்னைக்கு இருந்தது திறந்த கடலும் நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு மணல் கரையும்தான். கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். அதற்கும் கரைக்கும் நடுவே இரண்டு மூன்று வரிசையாக அலை உடையும். ஐரோப்பியக் கப்பல்களில் இருந்த ஆணி அடித்த படகுகள் அந்த அலையில் வந்தால், தரையில் மோதிப் பலகை பலகையாகப் பிரிந்துவிடும்.

அங்கேதான் நம் ஆட்களின் மசூலா படகு வருகிறது. சலங்கு என்று தமிழில் இன்னொரு பெயரும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லைத்தான் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி திரித்துச் சொன்னார்கள். அந்தப் படகில் ஓர் ஆணி கிடையாது. உள்ளே விலாச் சட்டமும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நார் வைத்து அடைத்திருப்பார்கள். அலை அறைந்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. தண்ணீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். அதை இறைத்துக் கொட்ட ஓர் ஆள். வலிக்க எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். பின்னால் நின்று துடுப்பைப் பிடித்து வழி சொல்ல ஒரு தண்டல். தண்டல் அலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பெரிய அலைகள் போகட்டும் என்று காத்திருந்து, அடுத்ததன் முதுகில் ஏறிக் கத்துவார். எல்லாரும் உயிரைக் கொடுத்து வலிக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் படகு குறுக்கே திரும்பிவிடும், திரும்பினால் கவிழும். கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்க, பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். அலை மிக மோசமாக இருந்து படகே போக முடியாத நாட்களில், அந்தக் கட்டுமரக்காரர்கள்தான் கடிதங்களைத் தண்ணீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துக் கப்பலுக்குக் கொண்டு போனார்கள்.

ஆங்கிலேயக் கவர்னர்கள், அவர்கள் மனைவிமார், குதிரை, சாராயம், அச்சு இயந்திரம், அலமாரி எல்லாம் இந்த வழியாகத்தான் வந்தன. 1840-களில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்த ஐஸ் கட்டியும் இப்படித்தான் வந்தது. கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அந்த ஐஸை வைக்கக் கட்டியது.

பியானோவும் இப்படித்தான் வந்தது.

பியானோவை நம்மில் பலர் சினிமாவில்தான் பார்த்திருப்போம். அதன் உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட இரும்புக் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை பதினைந்து டன்னுக்கு மேல். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். சுவரோரம் நிற்கும் சாதாரண பியானோவே இருநூறு கிலோவைத் தாண்டும். இதைப் பெட்டிக்குள் வைத்து, கடல் காற்று புகாமல் உள்ளே துத்தநாகத் தகடு போட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்து அனுப்புவார்கள்.

கப்பல் கூலியில் ஒரு சூட்சுமம் உண்டு. கனமில்லாமல் இடத்தை அடைக்கும் சரக்குக்குக் கப்பல்காரர் எடை பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்ப்பார். 40 கன அடி அடைத்தால் அது ஒரு டன். பெட்டியோடு சேர்த்து ஒரு பியானோ ஐந்தடி நீளம், இரண்டரையடி அகலம், நாலரையடி உயரம் என்று வையுங்கள். பெருக்கினால் 56 கன அடி. எடை கால் டன்னோ என்னவோ, கூலி ஒன்றே கால் டன்னுக்கு மேல். என் மாணவரின் பில்லிலும் அதே கணக்குதான். கன அடிக்குப் பதில் கன மீட்டர், அவ்வளவுதான்.

பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வர நாலைந்து மாதம். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பலில் ஏறக்குறைய ஒரு மாதம். பயணம் சுருங்கியதும் சரக்கு பெருகியது. அதற்கு முன்பே இங்கே சந்தை இருந்தது. மிஸ்கித் என்பவர் 1842-ல் சென்னையில் தொடங்கிய இசைக்கருவிக் கடைதான் இன்று அண்ணா சாலையில் மியூஸி மியூசிகல் என்ற பெயரில் இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், மிஷன் பள்ளிகள், கான்வென்ட்டுகள், சில ஜமீன்தார்கள் எல்லாரும் வாங்கினார்கள்.

வந்த பிறகும் பாடுதான். நம் ஊர் ஈரத்தில் பசை இளகும், கம்பி துருப்பிடிக்கும், சுத்தியலில் ஒட்டிய கம்பளியைப் பூச்சி அரிக்கும், மரத்தைக் கறையான் தின்னும். அதனால் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகு போட்டு முடுக்கி, வெப்ப நாடுகளுக்கென்றே தனியாகச் செய்து விற்றார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போது ஒன்றை ஒப்பிட்டுக் காட்டுவேன். வயலினும் அதே கப்பலில் வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், எங்கள் வடசென்னைப் பக்கத்து மணலியில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அது நம் இசைக்குள் அப்படியே கரைந்துவிட்டது. பியானோ அப்படிக் கரையவில்லை. கமகம் அதில் வராது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் எனக்குத் தோன்றுவது: வயலினை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் கச்சேரிக்குப் போகலாம். பியானோவை நகர்த்த எட்டுப் பேர் வேண்டும்.

அந்த எட்டுப் பேர் பற்றித்தான் எனக்குக் கவலை.

சிறு வயதில் எங்கள் ஆயா சொல்லும். தன் மாமனார் இளவட்டமாக இருந்தபோது, ஒரு கப்பலிலிருந்து 'பாட்டுப் பெட்டி' இறக்கினார்களாம். ஒரு படகு தாங்காது என்று இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி, குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்துக் கட்டினார்களாம். "அல அடிக்கும்போதெல்லாம் உள்ள இருந்து 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வந்துச்சாம்டா. உள்ள பேய் இருக்குதுன்னு ஒருத்தன் தண்ணியில குதிச்சிட்டானாம். ஒங்க பாட்டன் மட்டும் அது மேலயே கைய வெச்சிக்கினு வந்தாராம்" என்று சொல்லிவிட்டு, தானே 'ம்ம்ம்' என்று செய்து காட்டும். நாங்கள் சிரிப்போம். கரை சேர்ந்ததும் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது என்று சொல்லி, அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டார்களாம். அந்த இடம் வந்ததும் ஆயா சிரிப்பதை நிறுத்திவிடும்.

பின்னாளில் வரலாறு படித்தபோதுதான் அந்தக் கூலிப் பிடித்தத்தின் பின்னணி புரிந்தது. சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எழுதிய பயணக் குறிப்புகளில் படகுக்காரர்களைப் பற்றி ஒரே மாதிரியான புகார் வரும். நடு அலையில் வலிப்பதை நிறுத்திவிட்டு இனாம் கேட்கிறார்கள், பேராசைக்காரர்கள் என்று. நானும் அதைப் படித்துவிட்டு முதலில் வெட்கப்பட்டேன். பிறகு யோசித்தேன். அந்தத் தொழில் முழுக்க அரசாங்கத்தின் பிடியில் இருந்தது. படகுக் கூலியை நிர்ணயித்தது அரசாங்கம். 1842-ல் சென்னைக் கடலின் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் என்றே ஒரு சட்டம் போட்டார்கள். கூலியைக் கூட்டிக் கேட்கக் கரையில் அவர்களுக்கு நாதி இல்லை. அவர்கள் வார்த்தைக்கு மதிப்பிருந்த ஒரே இடம் அந்த அலைக்கு நடுவில்தான். அங்கே கேட்டார்கள். இதைப் பேராசை என்று நான் பாடம் நடத்தியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே படகுக்காரர்களும் கட்டுமரக்காரர்களும், கவிழ்ந்த படகுகளிலிருந்து ஆட்களைக் காப்பாற்றியதற்காகப் பதக்கம் வாங்கியவர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் அவர்களைப் பார்க்க வேண்டும்.

அலையைத் தாண்ட வேறு வழி வேண்டும் என்று வணிகர்கள் ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1860-களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள். சரக்குப் படகு கரைவரை வராமல், அலை உடையும் இடத்துக்கு அப்பாலேயே பாலத்தில் சரக்கை ஏற்றிவிடலாம். பிறகு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு பெரிய கை நீட்டின மாதிரி அலைச் சுவர்கள். வேலை முடியப்போகிற நேரத்தில், 1881 நவம்பர் 12 அன்று புயல் வந்தது. சுவரில் ஏறக்குறைய அரை மைலைப் பிரட்டிப் போட்டது. கல் தூக்கும் ராட்சத கிரேன்களும் கடலுக்குள் போயின. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாசல் வழியாக அலையும் மணலும் உள்ளே வந்ததால், 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் புது வாசல் வைத்தார்கள். அதே காலத்தில்தான் கப்பல் சுவரோரம் வந்து நின்று நேராகச் சரக்கு இறக்கும் மேடைகளும் வந்தன. மசூலா படகுகளுக்கு வேலை முடிந்தது.

இதைத்தான் பாடப் புத்தகங்கள் வளர்ச்சி என்று எழுதும். வளர்ச்சிதான், மறுக்கவில்லை. பியானோ நனையாமல் இறங்கியது. ஆட்கள் முழுகிச் சாகவில்லை. ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

நம் கரையோரமாகக் கடல் மணலை ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கிறது. துறைமுகச் சுவர் அதற்குக் குறுக்கே வந்தது. மணல் தெற்கே தேங்கியது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் மட்டும் வந்தது. தெற்கே தேங்கிய மணல்தான் இன்று நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கும் மெரினா. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே உலாவும் சாலை அமைத்து அந்தப் பெயரையும் வைத்தார். சாலைக்கு அருகிலேயே இருந்த கடல் ஆண்டுக்கு ஆண்டு விலகிப் போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஏறி ஏறி வந்தது. ஆயா தன் மாமனார் வீடு இருந்த இடத்தைக் காட்டும்போது தெருவைக் காட்டாது, அலையைக் காட்டும். "அதோ, அந்தக் கல்லுக்கு அந்தாண்ட" என்று சொல்லும். அலை ஏறாமல் இருக்கக் கொட்டிய கருங்கல் இன்றும் அங்கே வரிசையாகக் கிடக்கிறது. ஒரே சுவர், ஒரு பக்கத்துக்கு உலகப் புகழ்பெற்ற கடற்கரையைக் கொடுத்தது, இன்னொரு பக்கத்திலிருந்து தெருக்களை எடுத்துக்கொண்டது. முதலில் தொழிலைக் கொடுத்தவர்களே பிறகு நிலத்தையும் கொடுத்தார்கள் என்பதுதான் என் மனசில் தைப்பது.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ஒரு கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் காலம் அப்படித் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒரே கப்பலில் அடுக்குவதால், கடல் கூலி நம்ப முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஒரே ஒரு பியானோவுக்கு முழு கன்டெய்னர் யாரும் எடுப்பதில்லை. பத்துப் பேர் சாமானோடு சேர்த்துப் போடுவார்கள். இங்கே வந்ததும் அதைத் திறக்க வேண்டும், பிரிக்க வேண்டும், கிடங்கில் வைக்க வேண்டும், சுங்கம் பார்க்க வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும். நாள் தாண்டினால் வாடகை ஏறும். கடலில் இயந்திரம் பார்த்த வேலையைக் கரையில் மனிதக் கை பார்க்கிறது. இரண்டு கூலிக்கும் உள்ள வித்தியாசம் அதனால்தான். வெளிநாட்டிலிருந்து சாமான் அனுப்ப நினைக்கும் நண்பர்களுக்கு என் ஒரே யோசனை: கப்பல் கூலியை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசல் வரைக்கும் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

போன வாரம் ஒருவழியாகப் பியானோ வந்தது. மாணவர் கூப்பிட்டார், போயிருந்தேன். மூன்றாவது மாடி. லிஃப்டில் பெட்டி நுழையவில்லை. நாலு பேர் வந்திருந்தார்கள். கனமான பட்டையைத் தோளில் மாட்டி, படி படியாக ஏற்றினார்கள். முன்னால் போனவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திருப்பத்தில் நின்று, "மெதுவா... செவுரு... செவுரு பாத்து..." என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்குத் தண்டலின் ஞாபகம் வந்தது. கேட்டேன், எந்த ஊர் என்று. காசிமேடாம்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அடிப்பாகம் படி விளிம்பில் லேசாக இடித்தது. உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி, 'ம்ம்ம்' என்று. எல்லாரும் ஒரு நொடி நின்றுவிட்டார்கள். மாணவரின் மகள் மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபது வருஷமாக நாங்கள் சிரித்த கதையில் ஆயா ஓர் எழுத்தைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மேலே போய் இறக்கியதும் பார்த்தால், அடியில் ஒரு மூலையில் பாலிஷ் பெயர்ந்திருந்தது. மாணவர் முகம் மாறியது. "சார், பேசின கூலியில..." என்று ஆரம்பித்தார். நான் அவரைத் தனியாக அழைத்துப் போய் ஆயா கதையைச் சொன்னேன். இந்தமுறை "கிளாஸ் எடுக்காதீங்க" என்று சொல்லவில்லை. பேசிய கூலியை முழுசாகக் கொடுத்தார். மேலே ஆளுக்கு இருநூறும் கொடுத்தார்.

புது ஊர்க் காற்றுக்கு மரம் பழக வேண்டும், மூன்று வாரம் கழித்துத்தான் சுருதி சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு குழந்தை வாசிப்பதைக் கேட்கப் போக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பர்மாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கப்பலில் வந்த பெரிய சாமான் ஏதாவது இருக்கலாம். ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு நிலைக்கண்ணாடி. அதை வாங்கியவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். துறையிலிருந்து அதைத் தூக்கி வந்தவர்கள் பற்றி உங்கள் பாட்டி ஏதாவது சொல்லியிருந்தால், கீழே எழுதுங்கள். அப்படி எழுதி வைத்தால்தான் அது வரலாறு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்